அந்தப் பேச்சு யாருடையது?

சாந்தோம்,
11-8-1946

நீரஜாவுக்கு,

நாலு வருஷம் கழித்து எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாய் என்பது அச்சிலேயே வந்துவிட்டது. ஆகையால் விசாரிப்பெல்லாம் வேண்டாம்.

முந்தாநாள் எங்கள் அடையாற்றுப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை ஒரு நோட்டீசை என் மேசைமேல் வைத்து, "இது உன்கூடப் படிச்ச பெண்தானே, ஐரின்?" என்று கேட்டார். பல்கலைக்கழக செனட்டில் பட்டதாரிகளுக்கென்று இருக்கும் இடத்துக்கு நீ நிற்கிறாயாம். ஓட்டுப் போடுகிறவர்கள் பட்டதாரிகள் மட்டும், அதனால் நோட்டீசும் அவர்களுக்கு மட்டும். எனக்கு அனுப்ப உனக்கு எந்த அவசியமும் இல்லை. நான் பி.ஏ. கடைசி வருஷத்தில் வெளியே தள்ளப்பட்டவள்.

முன்பக்கத்தில் கதர்ப் புடவையில் உன் படம். உள்ளே, '1942 ஆகஸ்டில் கல்லூரி வாசலில் இவர் முழங்கிய வீரப் பேச்சு' என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் முழுக்க அந்தப் பேச்சு. "இந்தக் கல்லூரி நம்மை எதற்காக வளர்க்கிறது? நாளைக்கு நாற்காலியில் உட்காருவதற்கா, நாற்காலியில் இருப்பவரைக் கண்டால் எழுந்து நிற்பதற்கா?" எனக்குப் படிக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வரியும் மனப்பாடம்.

அன்றைக்குச் சுவர்மேல் ஏறி நின்றது யார்? தூங்குமூஞ்சி மரத்தடியில், ஐந்தடிச் சுவர்மேல், தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தொண்டை கிழியப் பேசியது யார்? நீ கீழே நின்றாய். வெளியே வந்த நாற்பது பேரில் நீயும் ஒருத்தி. நீதான் எழுதினாய், இல்லையென்று சொல்லவில்லை. அந்தத் தமிழ் எனக்கு வராது. ஆனால் நோட்டீசில் 'எழுதிய' என்று போடவில்லையே. 'முழங்கிய' என்றல்லவா போட்டிருக்கிறது!

நாலு நாள் கழித்து பிரின்ஸிபால் என்னைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார். "இது உன் தமிழ் இல்லை. எழுதிக் கொடுத்தது யார்? பெயரைச் சொல், உன்னை வகுப்புக்கு அனுப்பிவிடுகிறேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நானே எழுதினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வெளியே வந்தபோது நீ வராந்தாவில் இருப்பாய் என்று நினைத்தேன். இல்லை. அதற்குப் பிறகு நீ எங்கேயுமே இல்லை. உன் அப்பா அடைத்து வைத்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஒரு வார்த்தையை மாற்றி நோட்டீசை மறுபடி அச்சடி. கேட்பது அவ்வளவுதான்.

ஐரின்


லஸ், மயிலாப்பூர்,
19-8-1946

அன்புள்ள ஐரின்,

உன் கையெழுத்தைக் கவர்மேல் பார்த்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன். சந்தோஷத்தில்தான். அந்தச் சந்தோஷத்தை நாலு வரிக்குமேல் நீ விட்டுவைக்கவில்லை.

'முழங்கிய' என்று போட்டது நான் இல்லை. புரூப் பார்த்தவர் அப்பாவின் ஜூனியர் வக்கீல். அச்சாகி வந்த பிறகுதான் நானே பார்த்தேன். ஓட்டுச் சீட்டுகளும் தபாலில் போய்விட்டன. இப்போது திருத்தி இன்னொரு நோட்டீஸ் அனுப்பினால், எதிரில் நிற்கும் ராவ்பகதூர் அதை வைத்துக்கொண்டு என்னைப் பொய்க்காரி என்பார். ஒரு வினைச்சொல்லுக்காக நான் தோற்க வேண்டும் என்கிறாயா?

நீ கோபத்தில் ஒன்றை மறக்கிறாய். செனட் கூடும்போது ஒரு நாள் வந்து பார். எல்லாருக்கும் எல்லாரும் மாமா, அத்திம்பேர், சம்பந்தி. அங்கே நின்று பேசிப் பழகினவர்கள்தான் நாளைக்குச் சட்டசபையில் பேசுவார்கள், அதற்கு மறுநாள் மந்திரி நாற்காலி. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறான். அவன் விட்டுப்போகும் இடத்தில் உட்காரப் போகிறவர்களை எங்கே பொறுக்குகிறார்கள் தெரியுமா? காலேஜ் விவாத மேடைகளில், செனட் கமிட்டிகளில். அங்கே பெண்கள் இரண்டே பேர். ஒருவர் செவிடு. நான் உள்ளே போய்விட்டால், உன்னைப் போன்றவர்களுக்கு என்னால் எவ்வளவோ செய்ய முடியும்.

உதாரணத்துக்கு ஒன்று. 1942-ல் நீக்கப்பட்ட மாணவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கல்லூரிகளுக்கு இப்போது தாக்கீது போயிருக்கிறது. உடனே விண்ணப்பம் போடு. அப்பாவிடம் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தியாகராய நகரில் ஒரு டாக்டர் வீட்டு மாடியில் எனக்காகத் தேநீர்க் கூட்டம். வா. என் பக்கத்தில் உட்கார். இரண்டு பேரும் சேர்ந்து செய்த பேச்சு என்று எழுந்து சொல்கிறேன். போதுமா?

உன் அப்பா எப்படி இருக்கிறார்?

என்றும் உன்,
நீரஜா


சாந்தோம்,
24-10-1946

நீரஜா,

டாக்டர் வீட்டு மாடிக்கு நான் ஏன் வரவில்லை என்று இரண்டு கார்டு போட்டிருந்தாய். நல்லவேளை, வரவில்லை. வந்திருந்தால் உன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

விண்ணப்பத்தை நானே கல்லூரி ஆபீசுக்குக் கொண்டுபோனேன். தலைமைக் குமாஸ்தா ஷாஹுல் ஹமீது பாயை உனக்கு ஞாபகம் இருக்கும். பீஸ் கட்ட ஒரு நாள் தாமதமானால்கூட நம்மைக் கடிந்துகொள்ளாத மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார்.

"நாலு வருஷமா இந்தக் கட்டை நான்தாம்மா தூசி தட்டிக்கினு இருக்கேன். நீங்க ஒரு தபா பாத்துடுங்க. எனக்குத் தொழுகை நேரம், வர கால் மணி ஆவும்" என்று சொல்லி, அதைத் திறந்தபடி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மேலாக இருந்தது உன் கடிதம். இங்கிலீஷில், நாங்கள் எல்லாரும் பார்த்துப் பொறாமைப்பட்ட அந்தக் கையெழுத்தில். "பேச்சை எழுதியதிலோ பேசியதிலோ எனக்கு எந்தப் பங்கும் இல்லை. அது முழுக்க முழுக்க மிஸ் ஐரினுடையது. அவளுடைய தூண்டுதலுக்கு ஆளாகி வகுப்பைவிட்டு வெளியே வந்ததற்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்."

தேதி பதினேழு. என்னை பிரின்ஸிபால் கூப்பிட்டது பதினெட்டு.

என்னை நிற்க வைத்து உன் பெயரைக் கேட்டாரே, அப்போது அந்தக் காகிதம் அவர் டிராயருக்குள் இருந்திருக்கிறது! நான் யாரைக் காப்பாற்ற உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேனோ, அவள் முதல் நாளே கரையேறிவிட்டாள். அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு வாத்தியார் மகள் எவ்வளவு நேரம் தாங்குவாள் என்று பார்த்திருக்கிறார்.

என் அப்பாவை விசாரித்திருந்தாயே. சொல்கிறேன். அந்த வாரம் அவர் நாலு நாள் உங்கள் வீட்டுக்கு வந்தார். மரியதாஸ் வாத்தியார், முப்பது வருஷம் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். உன் அப்பா செனட்டில் இருக்கிறார், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தார். முதல் மூன்று நாளும் "நாளைக்கு வாங்கோ." நாலாம் நாள் குமாஸ்தா வந்து "ஐயா ஊரில் இல்லை" என்றாராம். போர்ட்டிகோவில் கார் நின்றதாம். அப்பா அதை எங்களிடம் சொன்னபோது கோபப்படவில்லை. "கார் இல்லாமல்கூடப் போயிருக்கலாம் இல்லையா?" என்றார். அதற்காகத்தான் உங்களை நான் மன்னிக்கப் போவதில்லை.

இப்போது சொல். 1942-ல் அந்தப் பேச்சு முழுக்க என்னுடையது. 1946-ல் முழுக்க உன்னுடையது. ஆபத்து இருந்தவரை எனக்கு, ஆதாயம் வந்ததும் உனக்கு. இதைத்தானா அந்தக் கல்லூரியில் உனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோமே, எனக்கு மட்டும் எப்படிக் காதில் விழாமல் போயிற்று?

யாரைத் தலைவராக்க வேண்டும் என்று கல்லூரிக்குத் தெரிந்திருக்கிறது. எழுந்து பேசுகிறவளை அல்ல. அவள் பக்கத்திலேயே நின்று, சமயம் பார்த்து விலகத் தெரிந்தவளை.

ஐரின்


லஸ்,
9-11-1946

ஐரின்,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

ஆமாம், அந்தக் காகிதம் நான் எழுதியது. அப்பா ஹாலில் உலாத்திக்கொண்டே சொல்லச் சொல்ல எழுதினேன். நடுவில் பேனாவைக் கீழே வைத்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எதிர்த்திருப்பேன். "எழுதுடி. ஒரு காகிதம், அவ்வளவுதானே? நாளைக்கு அது யாருக்கும் ஞாபகம் இருக்கப் போறதில்லை. ஆனா டிகிரி இல்லேன்னா, உன்னை யாருக்கும் ஞாபகம் இருக்காது" என்றார். எனக்கு இருபது வயசு. எழுதினேன்.

உன் அப்பா வந்த நாலு நாளும் நான் மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். மழையே இல்லை, கையில் குடை வைத்திருந்தார். அதற்குமேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

ஆனால் நீயும் ஒன்றைக் கேட்டுக்கொள். நாம் என்ன பேசி வைத்திருந்தோம்? கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு வாசலில் கால் மணி நேரம் மௌனமாக நிற்பது. அவ்வளவுதான். பேச்சு என்று யார் சொன்னார்கள்? அந்தத் தாள் விவாத மன்றத்துக்காக நான் என் நோட்டில் எழுதி வைத்தது. நீ என் நோட்டிலிருந்து அதைக் கிழித்தாய். என்னைக் கேட்டாயா? "நீரஜா, இதைப் படிக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை? ஏறினாய், படித்தாய். எல்லாரும் கை தட்டினார்கள். உன் முகத்தை நான் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாட்டுக்காக நின்றவளின் முகமாக எனக்குப் படவில்லை. கை தட்டலுக்காக நின்றவளின் முகமாகத்தான் பட்டது. என் வார்த்தைகளுக்கு உனக்குக் கை தட்டினார்கள். அந்த நிமிஷம் உன்மேல் எனக்கு வந்த கோபம், அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட எனக்கு எவ்வளவு உதவியது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

செனட் முடிவு வந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன்.

உன் விண்ணப்பம் கல்லூரிக் கமிட்டிக்கு வரும். மூன்று பேர். பழைய மாணவிகள் சார்பில் என்னைப் போட்டிருக்கிறார்கள். நானாகக் கேட்கவில்லை. அதற்குமுன் நீ அந்தக் காகிதத்தைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதினால், ஃபைலைக் காட்டியது யார் என்ற கேள்வி வரும். ஷாஹுல் ஹமீதுக்கு ஆறு குழந்தைகள். மிரட்டுகிறேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

நீரஜா


சாந்தோம்,
16-3-1947

நீரஜா,

மிரட்டல் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் பாயை நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். நோட்டைக் கிழித்தது உண்மை. அதைப் பல நாள் யோசித்தேன். கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாய், அதனால்தான் கேட்கவில்லை. முகத்தைப் பற்றி நீ எழுதியதும் பொய்யில்லையோ என்னவோ. என் முகத்தை நான் பார்க்கவில்லை.

நேற்று கமிட்டி அறையில் உன் முகத்தைப் பார்த்தேன்.

உனக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை. நீயும் அங்கேதானே இருந்தாய். ஆனால் உன் குறிப்பேட்டில் நீ எப்படி எழுதி வைப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால் நடந்ததை நடந்தபடியே ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

நடுவில் ரிடையர்டு ஜட்ஜ். இந்தப் பக்கம் பிரின்ஸிபால், அந்தப் பக்கம் நீ. என்னை உட்காரச் சொன்னவர் ஜட்ஜ் மட்டும். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். இங்கிலீஷில் ஆரம்பித்தார். நான் தமிழில் பதில் சொன்னதும் அவரும் தமிழுக்கு வந்துவிட்டார்.

"அம்மா, உன் கேசில் ஒரே ஒரு சிக்கல். பேசினது நீ, அதில் சந்தேகம் இல்லை. ஆனா இந்த எலெக்ஷன் நோட்டீசைப் பார்த்தேன், இதில் வேற மாதிரி இருக்கே" என்று சிரித்துக்கொண்டே நோட்டீசை உன் பக்கம் நகர்த்தினார். "இன்னொருத்தர் எழுதினதை நீ வெறுமனே படிச்சே, அவ்வளவுதான்னா விஷயம் ரொம்ப லேசு. நடந்ததுக்கு வருத்தம்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்துட்டு ஜூனில் வகுப்புக்கு வந்துடலாம். இந்தப் பேச்சு உன்னுடையதுதானா?"

பிரின்ஸிபால் ஜன்னலைப் பார்த்தார். அவருடைய ஃபைலில் உன் காகிதம் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. இன்றைக்கு நீ செனட் அங்கத்தினர் அல்லவா.

நான் உன்னைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. நீ வாயைத் திறக்க வேண்டும் என்று காத்திருந்தேன், நீரஜா. சத்தியமாகக் காத்திருந்தேன். "நான் எழுதினது" என்று இரண்டே வார்த்தை. நோட்டீசில் அச்சடிக்கத் தைரியம் இருந்ததே, அந்த அறையில் சொல்ல எதற்குப் பயம்? சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எழுந்து வந்து உன் கையைப் பிடித்திருப்பேன். நீ பென்சிலைச் சீவ ஆரம்பித்தாய். கூராக இருந்த பென்சில்.

"என்னுடையது" என்றேன். "ஒவ்வொரு வரியும் என்னுடையது. வருத்தம் எதுவும் இல்லை."

ஜட்ஜ் குறிப்பு எழுதச் சொன்னார். பேச்சு தன்னுடையதே என்று விண்ணப்பதாரர் ஒப்புக்கொண்டார், வருத்தம் தெரிவிக்க மறுத்தார், விண்ணப்பம் தள்ளுபடி. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டீர்கள். நீ பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்துப் போட்டாய்.

உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. 42-ல் காப்பாற்றினேன். நேற்று உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். இனிமேல் எந்த மேடையிலும் அந்தப் பேச்சு உன்னுடையது என்று நீ சொல்ல முடியாது. உன் கையெழுத்தே இரண்டு தடவை ஃபைலில் இருக்கிறது.

அப்பாவிடம் பட்டம் இல்லை என்று சொன்னேன். "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டார்.

ஐரின்


லஸ்,
25-3-1947

ஐரின்,

திருப்திதானா?

ஜட்ஜ் மாமா அன்று சாயங்காலமே அப்பாவுக்கு டெலிபோன் பண்ணிவிட்டார். "என்ன ஓய், உம்ம பொண்ணு நோட்டீசில் ஒரு கதை, மினிட்ஸில் ஒரு கதை?" என்று கேட்டுச் சிரித்தாராம். அவருக்கு அது சிரிப்பு. எனக்கு எப்படி இருந்தது என்று நீ கற்பனை பண்ணிச் சந்தோஷப்படலாம்.

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "ஒரு பாரா போனா போறது. அதை எடுத்துட்டு வேற ஒண்ணு போட்டுக்கலாம். பேர் இருக்கே, அது போதும்." அடுத்த தேர்தலுக்கு என் பெயரைக் கட்சிக்காரர்கள் குறித்துக்கொண்டார்களாம். நீ உன் பட்டத்தைத் தூக்கி எறிந்து என்னிடமிருந்து பிடுங்கியது ஒரு பாரா. அவ்வளவுதான் அதன் விலை. எனக்கே அது இவ்வளவு மலிவு என்று தெரிந்தபோது என்னவோ போல் ஆகிவிட்டது.

நீ எப்போதும் இப்படித்தான். சுவர் கிடைத்தால் ஏறிவிடுவாய். ஏறி இறங்கிய பிறகு யார் யாருக்கு என்ன ஆயிற்று என்பது உனக்கு முக்கியமில்லை. பட்டம் வாங்கியிருந்தால் நீ ஹைஸ்கூலில் இருக்கலாம், நாளைக்கு உன் மாணவிகளுக்கு உன் கையெழுத்து ஒன்றாவது பிரயோஜனப்படும். இப்போது உன்னிடம் இருப்பது ஒரு பேச்சு. நான் எழுதிய பேச்சு.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டாய். திறந்திருந்தால் உனக்கு இடம் கிடைத்திருக்கும், எனக்கு எல்லாம் போயிருக்கும். எல்லாம் என்றால் என்ன என்று இப்போது உட்கார்ந்து யோசித்தால், சொல்லும்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்தபோது மட்டும் நிறைய இருப்பதுபோல் இருந்தது.

இனிமேல் எனக்கு எழுதாதே.

நீரஜா


சாந்தோம்,
20-6-1947

நீரஜாவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். எனக்காக அல்ல.

ஊரூர் குப்பத்தில் கெங்கம்மா என்று ஒருத்தி. விடிந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு அடையாறு முழுக்க மீன் விற்பவள். அவள் பெண் வசந்தி எட்டாவதுவரை என்னிடம் படித்தாள். பிறகு தினமும் பாலத்தைத் தாண்டி நடந்து மயிலாப்பூர் ஹைஸ்கூலில் சேர்ந்தாள், நடந்தே திரும்பினாள். இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் பள்ளிக்கே முதல். நம் கல்லூரியில் இண்டர்மீடியட் சேர வேண்டும் என்கிறாள். ஆமாம், நம் கல்லூரியில்தான். வேறு இடம் பார்க்கலாம் என்றேன். "அங்க தான் டீச்சர் போவேன்" என்கிறாள்.

விண்ணப்பத்தில் ஒரு பத்தி. நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவள், நன்னடத்தை உள்ளவள் என்று ஒரு கெஜட்டட் அதிகாரியோ செனட் அங்கத்தினரோ கையெழுத்திட வேண்டும். எங்கள் தலைமையாசிரியையின் கையெழுத்தே செல்லாது என்றால் என்னுடையதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். என் கையெழுத்தைப் பற்றி நீ சொன்னது சரிதான். அதை உனக்கு எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது, எழுதிவிட்டேன்.

மூன்று பேரிடம் போனோம். ஒருவர் பெண்ணைப் பார்க்காமலே வீட்டு விலாசத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒருவர் நர்ஸ் வேலைக்கு அனுப்புங்களேன் என்று யோசனை சொன்னார். மூன்றாமவர், உனக்காகத் தேநீர்க் கூட்டம் நடத்தின தியாகராய நகர் டாக்டர். அவர் கெங்கம்மாவைப் பார்த்து, "இதுங்க படிச்சு எந்த ராஜ்யத்தை ஆளப்போவுது?" என்று கேட்டார். கெங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வசந்தி குனியவில்லை. "யாரு ஆளப்போறாங்கன்னு நீங்க தான் எழுதி வச்சிக்கினு கீறீங்களா, சார்?" என்றாள். அதோடு அந்தக் கையெழுத்தும் போயிற்று.

அடுத்த ஞாயிறு அம்மாவும் பெண்ணும் உன் வீட்டுக்கு வருவார்கள். நான் வரமாட்டேன். டீச்சருக்கு ஏன் பட்டம் இல்லை என்று வசந்தி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். நான் நோட்டைக் கிழித்ததையும் விடவில்லை.

கையெழுத்துப் போட்டால் நமக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதே. போடாவிட்டால் நான் ஆச்சரியப்படப் போவதும் இல்லை. "உன்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவோ செய்ய முடியும்" என்று எழுதியிருந்தாய். இதோ, ஒன்று.

ஐரின்


லஸ்,
29-6-1947

ஐரின்,

வந்தார்கள்.

அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட் திறந்த சத்தம் கேட்டு, "யாரு? இங்கே மீனெல்லாம் வாங்கறதில்லைன்னு சொல்லு" என்றார், தலையைத் தூக்காமலே. கெங்கம்மாவிடம் கூடை இல்லை. வெளுத்த புடவை கட்டி, தலையில் பூ வைத்து வந்திருந்தாள். நான் வாசலுக்குப் போய், "உள்ளே வாங்கோ" என்றேன். "இங்கியே கீறோம்மா" என்று படியிலேயே நின்றுவிட்டாள். வசந்தி உள்ளே வந்தாள்.

விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். மார்க்குகளைப் பார்த்தேன். 'எவ்வளவு காலமாகத் தெரியும்' என்ற இடத்தில் பேனா நின்றது. ஐந்து வருஷம், ஆறு வருஷம் என்று எல்லாரும் போடுவார்கள். யாரும் சோதிக்கப் போவதில்லை. 'இன்று முதல்' என்று போட்டேன். அதற்காகக் கல்லூரியில் ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்பு, நானே போய்ப் பேசுகிறேன். 'நல்ல குடும்பம்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அப்பா எழுந்து வந்து தாளை எட்டிப் பார்த்தார். "யோசிச்சுப் பண்ணறயா? நாளைக்கு நாலு பேர் கேப்பா" என்றார். "கேக்கட்டும்" என்றேன். அவர் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். அவ்வளவு சுலபமாக இருந்தது, ஐரின். அது இவ்வளவு சுலபம் என்று தெரிந்ததில்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று கேட்காதே.

காகிதத்தை வசந்தியிடம் நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை. என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"எங்க டீச்சர மாட்டி வுட்டுட்டுத் தப்பிச்சிக்கினது நீங்க தானாம்மா?"

வாசலிலிருந்து கெங்கம்மா, "அடி பாவி, கையெழுத்து வாங்க வந்த எடத்துல இன்னா பேச்சு பேசுற!" என்று பதறிப்போய் உள்ளே ஓடி வந்தாள். பெண்ணின் தோளைப் பிடித்து இழுத்தாள். வசந்தி அசையவில்லை. அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. அப்போது அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று.

பிரின்ஸிபாலிடம் சொல்லவில்லை. ஜட்ஜிடம் சொல்லவில்லை. எட்டு மாதத்துக்கு முன் உனக்கு எழுதினேனே, அதில்கூட அப்பாமேல் பாதி, உன்மேல் பாதி போட்டுத்தான் சொன்னேன்.

"ஆமாம்" என்றேன்.

வசந்தி காகிதத்தை வாங்கி, கையெழுத்தின் மை காயும்வரை ஊதி, நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள். நன்றி சொல்லவில்லை. நான் வாசல்வரை போனேன். அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நீரஜா